அஞ்சலி அண்ணாச்சி பார்த்துக் கொடுத்த கேமரா

தென்காசியில் அஞ்சலி அண்ணாச்சியைக் கண்டு பயப்படாத வயதானவர் ஒருவர்கூடக் கிடையாது. பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சாத பெரியவர்கள் எல்லாம், அவர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவர் அவரைப் பார்த்ததும் எழுந்து, அடுத்த தெரு முனைக்குப் போய்த்தான் நின்றார். அவரை அவ்வளவு வேகமாக நடக்கவைக்க எந்த டாக்டராலும் முடிந்ததில்லை.

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாளாகக் கேமரா கேட்டு என்னைத் துளைக்கிறீர்கள். மூத்தவள் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பழைய எஸ்.எல்.ஆர். இருந்தால் போதும் என்கிறாள். சின்னவன் சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரி வேண்டும் என்கிறான். நான் மரக்கடையில் வேலை பார்க்கிறவன். கேமரா பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அஞ்சலி அண்ணாச்சி சொன்னதுதான். அவர் சொன்னதைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இடையில் கொஞ்சம் சாவு வரும். பயப்படாதீர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணாச்சி மகள் வீட்டோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டார். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் பிளக்ஸ் அடித்துத் தரப்படும் என்றுதான் அவர் கடைப் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் சந்தோஷத்தை எல்லாம் மற்ற கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு, துக்கத்தை இவர் பக்கம் தள்ளிவிட்டார்கள். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் என்றால் இலஞ்சியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும்கூட இவரைத் தேடித்தான் வருவார்கள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அதே கடையில் பழைய கேமராக்களையும் வாங்கி விற்றுவந்தார். இந்த இரண்டு தொழிலும் அவர் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதுதான் வினை.

கேமரா வாங்க யார் போனாலும் சரி, அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். கீழப்பாவூரிலிருந்து ஒருவர் வந்திருந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முதல் குழந்தை பிறந்த பூரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

"பையன் பிறந்திருக்கான் அண்ணாச்சி. தவழுதது, நடக்குதது எல்லாம் படம் எடுத்து வைக்கணும். நல்ல கேமராவா ஒண்ணு குடுங்க."

"எடும், நல்லா எடும். வீட்டுல வயசுல மூத்தது யாரு?"

"எங்க தாத்தா. எதுக்குக் கேக்கிய?"

"எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு."

"இன்னைக்கு நல்லா இருக்காரு," என்று அண்ணாச்சி தலையை ஆட்டினார். "பத்தடி பிளக்ஸுக்கு முகம் தாங்குத மாதிரி கேமராவா வாங்கிக்கிடும்வே. பிள்ள எங்கயும் போயிராது. நாளைக்கும் தவழும்."

வந்தவர் கேமரா வாங்காமலே பஸ் ஏறிவிட்டார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தாத்தாதான் கொண்டுபோய் விடுகிறாராம்.

அண்ணாச்சி பக்கமும் நியாயம் இருந்தது. சாவு வீட்டிலிருந்து அலறியடித்து ஓடிவருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வாக்காளர் அட்டை. அந்த அட்டைப் படத்தில் மனிதன் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். அந்த முகத்தைத்தான் அவர் பத்தடி உயரத்துக்கு இழுக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கூட்டமாக நின்று எடுத்த படம் வரும். அதிலிருந்து இறந்தவரை வெட்டி எடுத்தால், தோளில் யாருடைய கையோ ஒன்று கூடவே வரும். "உசுரோட இருக்கும்போது ஒருத்தனும் ஒழுங்கா ஒரு படம் எடுக்க மாட்டான். செத்த பெறகு சிரிச்ச மாதிரி வேணுங்கான். நான் எங்கன போவேன் சிரிப்புக்கு?" என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். அதனால்தான் ஆள் இருக்கும்போதே படம் எடுத்து வைத்துவிடக் கேமராவோடு தெருத் தெருவாகப் போவார்.

ஒருமுறை அவர் சிரிப்புக்குப் போன கதைதான் ஊரில் பிரசித்தம். ஒரு மளிகைக்கடைக்காரர் இறந்துபோனார். எல்லாப் படத்திலும் கடுகடு என்று இருந்தார். மகன்கள் சிரித்த முகம் வேண்டும் என்று நின்றார்கள். அண்ணாச்சி ஒரு பழைய கல்யாணப் படத்தைத் தேடி எடுத்தார். அதில் பக்கத்தில் நின்ற ஒருவர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாயை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி மளிகைக்கடைக்காரர் முகத்தில் ஒட்டினார். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. தெருவே பாராட்டியது. சாயங்காலம் இறந்தவரின் மச்சினன் வந்தார். ஒரு சுவர்த் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. துக்கம் கேட்க வந்தவர் பிளக்ஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். மெல்லத் தன் வாயைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, இங்க வாங்க. இது என் வாயில்லா?"

மகன்கள் பிளக்ஸைப் பார்த்தார்கள், பிறகு அவர் வாயைப் பார்த்தார்கள்.

"இருக்கும்போது என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு போனான். இப்பப் பாரு, என் வாய வச்சுச் சிரிக்கான்!"

சண்டை வரப்போகிறது என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மகன்களைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் அடுத்தவர் வாயை ஒட்டியதும் இல்லை.

சரி, கேமரா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் படத்தை அவர் படம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். "அது முகத்துக்கு இஸ்திரி போட்டுருது. எம்பது வயசுக் கிழவி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா. பிளக்ஸப் பாத்துட்டு, செத்தது யாருன்னு வீட்டுல வந்து கேக்கான்." சின்னக் கேமராவைச் சட்டைப்பைக் கேமரா என்பார். வெயிலில் பரவாயில்லை, வீட்டுக்குள் எடுத்தால் முகத்தில் ரவையைத் தூவினது போல ஆகிவிடும். நீளமாக ஜூம் போகிற கேமரா வந்தால் உதட்டைப் பிதுக்குவார். "கோபுரத்து உச்சியில இருக்க பொம்மைக்கு மூக்கு தெரியும். பக்கத்துல இருக்க அப்பனுக்கு மூக்கு தெரியாது." அவர் மனதுக்குப் பிடித்தது பழைய எஸ்.எல்.ஆர்.தான். அதிலும் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர் விற்றால் வாங்கலாம். கல்யாணப் போட்டோகிராபர் விற்றால் எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். குற்றாலத்தில் அருவிக்கரையில் படம் எடுக்கிறவர் விற்றால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். சாரல் குடித்த கேமரா வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே லென்ஸில் பூஞ்சை பிடித்துச் சிலந்திவலை மாதிரி படர்ந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். எல்லோரும் செய்வது அது. அண்ணாச்சி அதோடு விடமாட்டார். மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலக் கேமராவைப் புரட்டி மூக்கில் வைத்து உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொள்வார். பூஞ்சைக்குப் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசம் உண்டாம். தேறிய கேமராக்களை ஈரம் அண்டாமல் மூடி வைத்த வாளி மாதிரியான ஒரு பெரிய தூக்குப் போணியில், வறுத்த அரிசிக்குள் புதைத்து வைப்பார். ஒருநாள் அவர் வீட்டம்மா தெரியாமல் அந்த அரிசியை உலையில் போட்டுவிட்டார். சோற்றில் லென்ஸ் மூடி கிடந்தது. நீங்கள் அரிசியில் புதைக்க வேண்டாம். தூசி உள்ளே போய்விடும் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

இனி உங்கள் பெரியத்தை.

பொன்னுத்தாய் அத்தையை உங்களுக்குச் சரியாக நினைவிருக்காது. என் அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, மாமாவும் சீக்கிரம் போய்விட்டார். சீசன் வந்தால் குற்றாலத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் குவித்து வைத்துப் பழக்கடை போடுவாள். அருவிச் சத்தத்தைத் தாண்டி அவள் சத்தம் கேட்கும். அவள் சிரித்தால் எதிர்க்கடைக்காரர் கல்லாவை விட்டு எட்டிப் பார்ப்பார். அவளுக்குத்தான் அந்த நோய் வந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில், மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடியெல்லாம் கொட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு, "ஏலே, முடி கொட்டுததுக்கு முன்னாடி எனக்கு ஒரு படம் எடுக்கணும்."

"இப்ப என்னத்துக்குக்கா படம்?"

"என்னத்துக்கா? என் வோட்டர் அட்டையப் பாத்திருக்கியா? கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன். அதப் பெருசாக்கி தெரு முக்குல வச்சிய, எந்திரிச்சு வந்து மிதிப்பேன், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"படத்துல நான் சிரிக்கணும்லே. பல்லு தெரியணும். என் பல்லுக்கு என்ன கொறச்சல்?"

நான் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. கையில் இருந்த டார்ச்சைக் கீழே வைத்தார். "பொன்னுவா?" என்றார். தூக்குப் போணியை இழுத்து, முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டுத் துழாவினார். கனமான ஒரு எஸ்.எல்.ஆரை வெளியே எடுத்தார். மோந்து பார்த்தார். எதிரே டீக்கடை மாஸ்டரைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் பத்தடிக்கு இழுத்தார். மாஸ்டரின் கண் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்தது.

"கண்ணுக்குள்ள பாய்லர் தெரியுதா பாரு தம்பி. இது தாங்கும். நானே வந்து எடுக்கேன்."

மறுநாள் அக்கா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து உட்கார்ந்தாள். அண்ணாச்சி கேமராவை உயர்த்தினார். அவ்வளவுதான், அக்கா முகம் இறுகிப்போனது.

"சிரி பொன்னு."

"சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

படத்தைப் பார்த்தோம். பட்டுச்சேலை கட்டிக் கோழி திருடினவள் மாதிரி இருந்தது.

"அந்தக் கொழாயக் கொண்டு மூஞ்சிக்கு நேரா நீட்டுனா எவளுக்கு அண்ணாச்சி சிரிப்பு வரும்?" என்றாள்.

அடுத்த நாள் அதைவிடச் சின்ன எஸ்.எல்.ஆர். கொண்டுவந்தார். அதற்கும் அதே முகம். பிறகு, தான் மதிக்காத அந்த ஜூம் கேமராவையே எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் போய் ஒளிந்துகொண்டார். அக்காவுக்குத் தெரியாமல் எடுப்பதாக ஏற்பாடு. அவளா விடுவாள்? "எங்கன இருக்கிய அண்ணாச்சி? அங்கனயா, இங்கனயா?" என்று கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டே இருந்தாள். எல்லாப் படத்திலும் எதையோ தொலைத்தவள் போல இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தலைசீவும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"என்னைய என் கடையில வச்சு எடுங்க," என்றாள் ஒருநாள். "இந்த வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு ஆஸ்பத்திரி நெனப்புத்தான் வருது."

அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்துவிட்டார். "குத்தாலத்துக்கா? ஆடிச் சாரல்லயா? கேமராவ அருவியில முக்கி எடுக்கச் சொல்லுதியே!"

ஆனாலும் வந்தார். எஸ்.எல்.ஆரைப் பால் கவர், பாலித்தீன் பை என்று நாலைந்து சட்டை போட்டு, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியில் யாரோ விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்த சிவப்பு நிறச் சட்டைப்பைக் கேமரா ஒன்றும் அவரிடம் இருந்தது. அதை அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா கடையில் பழங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பையைப் பிரித்ததுமே லென்ஸில் ஆவி படிந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. "சவத்த! தம்பி, அந்தச் சின்னத வச்சு வெளிச்சமாவது எப்படி இருக்குன்னு பாரு," என்று சிவப்புக் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, தோற்றுப்போனவர் மாதிரி நின்றார். அப்படி நின்றபோது அவர் கை தன்னால் ஒரு மங்குஸ்தானை எடுத்தது. புரட்டினார். காம்புப் பக்கம் உற்றுப் பார்த்தார். மூக்கில் வைத்து உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"பூஞ்சை இல்ல," என்றார்.

"அட பாவி மனுசா! எத்தன கிளிக் ஓடியிருக்குன்னும் கேளுங்க!"

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, பல்லெல்லாம் தெரிய, முடியில் சாரல் மினுங்க. என் விரல் அமுக்கிவிட்டது. நான் யோசித்து அமுக்கவில்லை.

மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

"இதுதாம்லே," என்றாள் அக்கா. "இந்தப் படந்தான்."

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "இது பெருசாகாது பொன்னு. இழுத்தா ரவையாப் போயிரும். செத்த பொறு, இந்த லென்ஸு தெளிஞ்சிரட்டும். இதுல எடுத்தா பத்தடிக்குத் தாங்கும்."

"அண்ணாச்சி, அதுல எடுத்தா என் மூஞ்சி இருக்கும். இதுல நான் இருக்கேன். ஒங்களுக்கு எது வேணும்?"

அவர் சாரலில் நின்று யோசித்தார். எஸ்.எல்.ஆரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு எஸ்.எல்.ஆருக்கு ஒவ்வொரு சட்டையாகத் திரும்பப் போட்டுவிட ஆரம்பித்தார்.

"அந்தச் சின்னதையே நீ வச்சுக்கோ தம்பி," என்றார் என்னைப் பார்க்காமல்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். முடி போனது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, பழம் வாங்க வருகிறவர்களிடம் சிவப்புக் கேமராவை நீட்டி, "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்," என்பாள். அடுத்த வருஷம் சாரல் தொடங்கிய நேரத்தில் போய்விட்டாள்.

கேமராவை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். பத்தடிக்கு இழுத்தார். அக்கா சின்னச் சின்னக் கட்டமாகச் சிதறிப்போனாள். எட்டடியில் யாரோ ஒரு பெண் என்று தெரிந்தது. அவர் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவது போலப் பல் தெரிந்தது, கண் தெரிந்தது, சிரிப்பு வந்து நின்றது. அப்போது அந்தப் படம் நீங்கள் எழுதிப் படித்த சிலேட்டு அளவுதான் இருந்தது.

"இதுக்கு மேல இழுத்தா பொன்னு போயிருவா," என்றார்.

"இவ்வளவு சின்னதா வச்சா ஊர் என்ன சொல்லும் அண்ணாச்சி?"

"கிட்ட வந்து பாக்கட்டும். தூரத்துல இருந்து பாத்துட்டுப் போறதுக்கு அவ என்ன எம்.எல்.ஏ.வா?"

தெரு முக்கில் ஆள் உயரப் பிளக்ஸ்களுக்கு நடுவே அதைக் கட்டினோம். கண்ணீர் அஞ்சலி என்று எழுதக்கூட அதில் இடமில்லை. 'பொன்னுத்தாய், பழக்கடை' என்று மட்டும் போட்டிருந்தார். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் பைக்கில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்தி, இறங்கி, முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் சாரல் விழ ஆரம்பித்தது. எல்லோரும் பந்தலுக்குள் ஓடிவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு குடையைக் கொண்டுவந்து அந்தச் சின்னப் படத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். மழையில் பிளக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. தென்காசியில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.